பல் போனால் எலும்பும் போகுமா? ‘தை அறுப்பு முடியட்டும்’ எனத் தள்ளிப்போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

“கடவாய்ப் பல்லுதானே டாக்டர்... பிடுங்கிப் போட்டுருங்க. புதுப் பல்லு கட்டுறதை தை அறுப்பு முடிஞ்சதும் பார்த்துக்கலாம்.”

சிவகங்கை மாவட்டத்தில் பல் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன பேச்சு. மதுரை - தொண்டி சாலையில் இருக்கும் காளையார்கோவில் வட்டாரத்தில் பெரும்பாலும் கண்மாயையும் மழையையும் நம்பித்தான் விவசாயம் நடக்கிறது. பெரிய செலவு எதுவாக இருந்தாலும் அறுவடைக்குப் பிறகு என்பதுதான் வீட்டுக் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடியில் பல்லைப் பிடுங்கினால், தை வருவதற்குள் 6 மாதம் ஓடிவிடும். தாடை எலும்பு அதிகமாகக் கரைவதும் அதே 6 மாதத்தில்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? இம்ப்ளான்ட் எல்லோருக்கும் அவசியமா? பணம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? பார்க்கலாம்.

பல் போனால் எலும்பு ஏன் கரைகிறது?

பல் என்பது ஈறுக்கு வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி மட்டும் அல்ல. அதன் வேர் தாடை எலும்புக்குள் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் உள்ளன. நாம் மெல்லும்போது ஏற்படும் அழுத்தம் இந்த நார்கள் வழியாகத்தான் எலும்புக்குப் போகிறது.

எலும்பு உயிருள்ள திசு. வேலை இருக்கும் இடத்தில் உடல் அதைப் பராமரிக்கும், வேலை இல்லாத இடத்தில் கரைத்துவிடும். பல்லைத் தாங்குவதற்காகவே உருவான எலும்புக்கு, பல் போன பிறகு வேலை இல்லை. அதனால் அது சுருங்கத் தொடங்குகிறது. குறிப்பாக, கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கச் சுவர் மிக மெல்லியது. முதலில் கரைவது அதுதான்.

எவ்வளவு வேகமாகக் கரைகிறது?

டென்மார்க்கில் நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, பல் பிடுங்கியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தது. அந்த ஓராண்டில் எலும்பு மேட்டின் அகலத்தில் சுமார் பாதி காணாமல் போயிருந்தது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு, முதல் 3 மாதங்களிலேயே போய்விட்டது.

இதுபோன்ற பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. முதல் 6 மாதங்களில் எலும்பின் அகலம் 29 முதல் 63 சதவிகிதம் வரையும், உயரம் 11 முதல் 22 சதவிகிதம் வரையும் குறைகிறது என்பது அதன் முடிவு.

அதன் பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. முழு பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972-ல் வெளியான ஆய்வில், எலும்பு தொடர்ந்து குறைந்துகொண்டே போனது தெரிந்தது. மேல் தாடையைவிடக் கீழ் தாடையில் இந்த இழப்பு சுமார் 4 மடங்கு அதிகம். “பல்செட்டு முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப பேசுறப்பவே கழண்டு விழுது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். பல்செட் அப்படியேதான் இருக்கிறது, அது உட்கார்ந்திருந்த மேடுதான் கரைந்துவிட்டது.

கன்னம் ஒட்டிப்போவது, வாய் உள்வாங்குவது, மூக்கும் தாடையும் நெருங்கி வருவது எல்லாம் வயதால் மட்டும் வருவதில்லை. எலும்பு இழப்புக்கும் அதில் பங்கு உண்டு. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சீடை, முறுக்கு, ஆட்டுக்கறி என்று மென்று சாப்பிட்டுப் பழகிய செட்டிநாட்டுக்காரருக்கு, பல் போனால் சோறும் பாதி போய்விடுகிறது.

இம்ப்ளான்ட் எப்படி வேலை செய்கிறது?

1950-களில் ஸ்வீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானெமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆய்வு செய்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானிய இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டது. 2006-ல் அவர் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அது பயன்பாட்டில் இருந்தது.

இன்றும் அடிப்படை அதுதான். ஸ்க்ரூ போன்ற டைட்டானிய வேரை எலும்புக்குள் பொருத்துவார்கள். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். பிறகு மேலே கேப் போடப்படும். மெல்லும் அழுத்தம் மறுபடியும் எலும்புக்குப் போவதால், அந்த இடத்து எலும்பு பெரும்பாலும் தக்கவைக்கப்படுகிறது. முறையாகப் பொருத்திப் பராமரித்தால், 10 ஆண்டுகளுக்குப் பிறகும் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட இம்ப்ளான்ட்கள் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பிரிட்ஜும் கழற்றி மாட்டும் பல்செட்டும் மெல்ல உதவும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அடியில் எலும்பு கரைவதை அவற்றால் தடுக்க முடியாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

இம்ப்ளான்ட் நிற்கப் போதுமான அகலமும் உயரமும் உள்ள எலும்பு வேண்டும். அது இல்லாவிட்டால் முதலில் எலும்பை வளர்க்க வேண்டும். அதற்குத்தான் எலும்புத் துகள் வைக்கும் சிகிச்சை. மேல் கடவாய்ப் பகுதி என்றால் சைனஸ் அறையின் அடித்தளத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். காத்திருக்கும் மாதங்களும் கூடும், பில்லும் கூடும். பணம் சேரட்டும் என்று காத்திருந்தவருக்கு, சேர்ந்த பணம் போதாமல் போவது இப்படித்தான்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. பல்லைப் பிடுங்கும் அன்றே அந்தக் குழியில் எலும்புத் துகள் வைத்து மூடுவது. கரைவதை இது முழுதாக நிறுத்தாது, ஆனால் குறைக்கும். இம்ப்ளான்ட் பிறகுதான் என்று முடிவு செய்பவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்பே இதைப் பற்றிக் கேட்க வேண்டும். பிடுங்கிவிட்டு 6 மாதம் கழித்துக் கேட்டால் பயனில்லை.

100 நாள் கூலியும் ஒரு பல்லும்

தனியார் கிளினிக்குகளில் கேப்போடு சேர்த்து ஓர் இம்ப்ளான்டுக்குப் பொதுவாக 20 ஆயிரம் ரூபாயில் தொடங்கி 50 ஆயிரத்தைத் தாண்டியும் கேட்கப்படுகிறது. இம்ப்ளான்டின் கம்பெனி, ஊர், கூடுதல் சிகிச்சை ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

2025-26 நிதியாண்டில் தமிழகத்தில் 100 நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். 100 நாளும் முழுதாக வேலை கிடைத்தாலே 33,600 ரூபாய்தான். அதாவது, ஒரு வருஷத்து 100 நாள் வேலைக் கூலி மொத்தமும் ஒரே ஒரு பல்லுக்குப் போய்விடும்.

இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மூட்டு இம்ப்ளான்ட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. பல் இம்ப்ளான்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளும் விபத்தில் பல் போனால் தவிர, பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. பல்லை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்க்கும் பழைய பார்வை இன்னும் மாறவில்லை. மெல்ல முடியாதவர் காய்கறி, பயறு, கறி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சிக்கும் ரசம் சாதத்துக்கும் போவது ஊட்டச்சத்துப் பிரச்சினை என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அப்படியானால் எல்லோருக்கும் இம்ப்ளான்ட் அவசியமா?

இல்லை. “எலும்பு கரைஞ்சிரும்” என்று சொல்லிப் பயமுறுத்தி, வந்தவர் எல்லோருக்கும் இம்ப்ளான்ட் போடுவதும் தவறுதான்.

முதல் வழி, இருக்கும் பல்லைக் காப்பாற்றுவது. சொத்தை ஆழமாகிவிட்டாலும் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால், பல பற்களைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள முடியும். பெரும்பாலும் இது இம்ப்ளான்டைவிடச் செலவு குறைவு. சொந்த வேர் இருக்கும்வரை எலும்பும் இருக்கும்.

கீழ் வரிசைப் பல் முழுவதும் போனவர்களுக்கும் ஒரு சிக்கனமான வழி இருக்கிறது. எல்லாப் பல்லுக்கும் இம்ப்ளான்ட் தேவையில்லை. முன்பகுதியில் 2 இம்ப்ளான்ட் மட்டும் வைத்து, அதன் மேல் பல்செட்டை பட்டன்போல மாட்டிக்கொள்ளலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய நிபுணர்கள், கீழ் தாடைக்கு முதல் தேர்வாக இதையே பரிந்துரைத்தார்கள். சாதாரண பல்செட்டைவிட இது ஆடாமல் நிற்கும்.

பின்வரிசையில் ஒரே ஒரு பல் போய், மெல்ல எந்தச் சிரமமும் இல்லாதவர்கள், மருத்துவரிடம் பேசிவிட்டு எதுவும் செய்யாமல்கூட இருக்கலாம். பக்கத்துப் பல் சாய்கிறதா, எதிர்ப் பல் இறங்குகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோயாளிகள்: கட்டுப்பாட்டில் இருந்தால் இம்ப்ளான்ட் வைக்கலாம். கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் தாமதமாகும், தொற்று வரும் ஆபத்தும் கூடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டிலேயே மாத்திரை வாங்குபவர்கள், 3 மாத சராசரி சர்க்கரைப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள்: இம்ப்ளான்ட் தோல்வியடையும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். புகையிலை போடுபவர்களும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ மாத்திரை, ஊசி எடுப்பவர்கள்: இவற்றில் சில மருந்துகளால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

விலை குறைவு என்பதை மட்டும் பார்த்து கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 - 2023 காலகட்டத்தில் வட மாவட்டங்களில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று 21 பேருக்கு வந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் உயிரிழந்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஐ.சி.எம்.ஆர்., தமிழக பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் நிபுணர்கள் இதை ஆராய்ந்தார்கள். அறிக்கை 2025-ல் வெளியானது. அந்த கிளினிக்கில் சலைன் பாட்டிலை ஈறு அறுவைக் கருவியால் திறந்து, பஞ்சை வைத்து லேசாக மூடி, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலில் அந்தக் கிருமி இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது.

இம்ப்ளான்ட் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். எலும்பில் துளை போடும்போது சூடு ஏறும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும். அதனால் துளையிடும்போது சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பைத் தொடும் அந்தத் தண்ணீர் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். “புது பாட்டிலா டாக்டர்?” என்று கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

காளையார்கோவில்காரர் எங்கே போகலாம்?

முதல் ஆலோசனைக்கே பெரிய ஊருக்குப் போக வேண்டியதில்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவைப் பார்க்கலாம். பல்லைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அடுத்த கட்ட சிகிச்சைக்கு முன்பெல்லாம் அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னைக்குப் போக வேண்டும் என்ற நிலைதான் தென் மாவட்டங்களுக்கு இருந்தது. 2023 நவம்பரில் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. காரைக்குடி வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். எந்தெந்த சிகிச்சை இப்போது கிடைக்கிறது, என்ன கட்டணம் என்பதை முதல் முறை போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்லைப் பிடுங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்தப் பல்லை வேர் சிகிச்சையில் காப்பாற்ற முடியுமா?

2. பிடுங்கினால் அந்த இடத்துக்கு என்ன செய்யப் போகிறோம், எப்போது?

3. இப்போது பணம் இல்லை என்றால், குழியில் எலும்புத் துகள் வைப்பது எனக்குப் பயன்படுமா? எவ்வளவு ஆகும்?

4. ஸ்கேன், இம்ப்ளான்ட், கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? (எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இம்ப்ளான்டின் கம்பெனி பெயர், பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரையும் கேளுங்கள்.)

5. கருவிகள் எப்படி ஸ்டெரிலைஸ் செய்யப்படுகின்றன? சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்படுமா?

அறுவடை வரை இம்ப்ளான்ட் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருக்கட்டும். எத்தனையோ குடும்பங்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் இந்த 5 கேள்விகளைக் கேட்கப் பணம் தேவையில்லை. பல் வாயில் இருக்கும்போதே அவற்றைக் கேட்டுவிட்டால், தையில் கையில் பணம் வரும்போது அதைத் தாங்க எலும்பும் மிச்சம் இருக்கும்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. சிகிச்சை குறித்த முடிவை உங்கள் பல் மருத்துவரிடம் ஆலோசித்த பிறகே எடுக்கவும்.)