பம்ப்பை மாற்றும் முன் மீட்டரை எடுப்போம்

கோடை பிறந்துவிட்டால் திருமங்கலம் பட்டறைகளுக்கு ஒரு வகை வண்டி தவறாமல் வரும். ஆசைக்காக வைத்திருக்கும் அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. குற்றாலம் போகலாம் என்று கொல்லம் சாலையில் திரும்பி, கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் இழுவை குறைந்து, திணறி நின்றிருக்கும். போனட்டைத் திறந்தால், வெளியில் வாங்கி மாட்டிய எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். "பம்ப் போச்சு, வேற போட்டுருங்கண்ணே" என்பார் வண்டிக்காரர். நாமும் போட்டுவிடுகிறோம். கொஞ்ச நாளில் அதே வண்டி, அதே கோளாறோடு திரும்பி வருகிறது.

பம்ப்பைக் குறை சொல்லும் முன், அதை மாட்டிய விதத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இந்த மூன்று கார்களுக்கும் கம்பெனி பெரும்பாலும் கொடுத்தது கேம் ஷாஃப்ட் தள்ள ஓடும் மெக்கானிக்கல் பம்ப். இன்ஜினோடு ஒட்டியிருப்பதால் சூடு ஏறி, மே மாத வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைக்கும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சம்ப்பில் இறங்கும். எலெக்ட்ரிக் பம்ப்புக்கு மாறுவதில் தப்பில்லை. மோரிஸ் மைனருக்கு எஸ்.யு. எலெக்ட்ரிக் பம்ப் கம்பெனியிலிருந்தே வந்தது. ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் பம்ப்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் பலவீனம். டேங்க்குக்குப் பக்கத்தில், அதன் அடிமட்டத்தை ஒட்டித்தான் அவற்றை மாட்ட வேண்டும். போனட்டுக்குள் மாட்டினால் பின்னாலிருந்து முன்வரை பெட்ரோலை உறிஞ்ச வேண்டியிருக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும், பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். எந்தக் கோளாறுக்குப் பயந்து மாற்றினோமோ அதையே கூட்டிக்கொள்கிறோம்.

சோதனையைக் கரண்டிலிருந்து தொடங்குங்கள். பம்ப் ஓடும்போதே அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர், கனெக்டர், எர்த் மூன்றில் ஒன்று சரியில்லை. பெயின்ட் சுரண்டாத இடத்தில் கொடுத்த எர்த்தை முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்து அளவு. இன்ஜின் ஆறிய பிறகு கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் வந்தால் இந்த இன்ஜின்களுக்குத் தாராளம். கடைசியாகப் பிரஷர். பெரும்பாலான கார்புரேட்டர்களுக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. போதும். எம்.பி.எஃப்.ஐ. கார் பம்ப்பை இதில் போட்டால் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும். நீடில் வால்வு தாங்காது, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழியும். அது ரிப்பேர் அல்ல, தீ விபத்துக்கு வழி.

மூன்றும் பார்த்த பிறகும் குறை பம்ப்பில்தான் என்றால் திறந்து பாருங்கள். உருளை வடிவப் பம்ப்புகள் பலவற்றில் அடி மூடி திருகினால் கழன்றுவிடும். உள்ளே சல்லடை, காந்தம், கேஸ்கெட். காந்தத்தில் செந்தூள் ஒட்டியிருந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. டேங்க்கைக் கழுவாமல் பம்ப்பை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. அதற்கு மேல் கிளிப், வாஷர், வால்வு, ஸ்பிரிங், பிளஞ்சர். வரும் வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். பிளஞ்சரில் படிந்த பழுப்புப் பிசினைக் கார்புரேட்டர் கிளீனர் கரைத்துவிடும், உப்புத்தாள் போடாதீர்கள். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டினால் பிரஷரே மாறிவிடும். ஓரம் மடித்து மூடிய சதுரப் பம்ப்பைத் திறந்தால் பிறகு கசியாமல் மூட முடியாது; அதை மாற்றுவதே சரி.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கிளப்பும், பழைய ரப்பரை ஊதவைக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரில் இந்தச் சேதம் கூடுதல். எனவே பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர், எத்தனால் தாங்கும் ஹோஸ் இரண்டையும் பில்லில் சேர்த்தே எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கட்-ஆஃப். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப்புக்கு அது தெரியாது. விபத்தில் குழாய் அறுந்தாலும் இக்னிஷன் ஆனில் இருக்கும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபியூஸ், ரிலே, செல்ஃப் அடிக்கும்போதும் ஆயில் பிரஷர் வந்த பிறகும் மட்டும் கரண்ட் விடும் மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்ச் ஆகியவை இல்லாத வண்டியை வெளியே அனுப்பக் கூடாது. செலவு என்று வண்டிக்காரர் தயங்கினால் எடுத்துச் சொல்வது நம் கடமை. அதற்கும் இணங்காவிட்டால் அந்த வேலையே வேண்டாம்.

கழற்றிய அசல் மெக்கானிக்கல் பம்ப்பைக் காயலான் கடைக்குப் போடாமல் உரியவர் கையில் கொடுங்கள். 50 ஆண்டு கடந்த கார்களை வின்டேஜ் வண்டியாகப் பதிவதற்கான 2021 விதிகள், அசல் வடிவம் கெடாமல் இருப்பதை எதிர்பார்க்கின்றன.

இனி ஒவ்வொரு ஜாப் கார்டிலும் வோல்ட், நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல், பிரஷர் என மூன்று எண்களை எழுதுவோம். அடுத்த முறை அந்த வண்டி எந்தப் பட்டறைக்குப் போனாலும், அங்குள்ள மெக்கானிக் யூகத்தில் வேலை செய்ய வேண்டியிருக்காது.