குரல் யார் கணக்கில்?

சாகிற மொழிகளைச் செயற்கை நுண்ணறிவு காப்பாற்றிவிடும் என்கிறார்கள். யாருக்காகக் காப்பாற்றும் தோழர்களே?

நியூசிலாந்தில் 1867-ல் பூர்வகுடிப் பள்ளிச் சட்டம் போட்டு, ஆங்கிலத்திலதான் படிக்கணும்னு ஆக்கினார்கள். மாவோரி பேசின பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அந்த மொழி ஆட்சிமொழியாக 1987 வரை போராட வேண்டியிருந்தது.

அந்நாட்டின் வடகோடியில், கைடாயாவில், மாவோரிகளின் வானொலியாக இயங்குவது தே ஹிக்கு மீடியா. பெரியவர்கள் பேசிய பழைய ஒலிப்பதிவுகள் அங்கே குவிந்து கிடந்தன. ஆள் வைத்துக் கேட்டு எழுதி மாளுமா? எந்திரத்துக்கே மாவோரி கற்றுக்கொடுத்தார்கள். 2018-ல் மக்களைக் கூப்பிட்டார்கள். குழுகுழுவாகப் போட்டி போட்டு, பத்தே நாளில் 2,500 பேருக்கு மேல் வாசித்துக் கொடுத்ததில் சுமார் 300 மணி நேரக் குரல் சேர்ந்தது. வெளிநாட்டுக் கம்பெனி காசோடு வந்தது, முடியாது என்றார்கள். குரலுக்கு நாங்கள் முதலாளி இல்லை, காவலாளி. மாவோரிக்கு உதவாத வேலைக்குத் தர மாட்டோம் என்று உரிமமே எழுதி வைத்தார்கள்.

2022-ல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பருக்கோ இணையத்திலிருந்து எடுத்த 1,381 மணி நேர மாவோரி தீனியானது. யாரைக் கேட்டு எடுத்தாங்க? நான் வங்கிக் குமாஸ்தா. போட்டவர் கையெழுத்தில்லாமல் பத்து ரூபாய் எடுத்தாலும் எங்கள் ஊரில் அது திருட்டு.

'அறிவை எல்லாருக்கும் திறந்து விடுவதுதானே நியாயம்?' என்பார்கள் படித்த நண்பர்கள். திறந்து விட்டால் அள்ளிப்போக லாரி வைத்திருப்பவன் யார்? அடிவாங்கிய பிள்ளையின் பேரனுக்கே அந்த மொழியை மாதச் சந்தாவுக்கு விற்பான் அவன்.

பழங்குடி ஊர்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போகிற மாணவர்களே, பதிவை எந்தக் கம்பெனித் தளத்தில் ஏற்றினீர்கள்? அந்தப் பாட்டிக்குச் சொன்னீங்களா?