விளையாட்டுக்கு ஏற்ற போனா, போனுக்கு ஏற்ற விளையாட்டா?

கோமாரி, பொத்துவில் பக்கத்துப் பெற்றோருக்கும், வீட்டில் தம்பி தங்கைகள் உள்ள இளைஞர்களுக்கும் இந்தப் பதிவு.

லீவு வந்தால் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இந்தப் போன்ல கேம் ஸ்டக் ஆகுது வாப்பா, புதுப் போன் வாங்கித் தாங்க." கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டிலும் இதே பேச்சு. 2022 நெருக்கடிக்குப் பிறகு போன் விலை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும்.

என் கருத்து இதுதான்: விளையாட்டுக்காகப் போனை மாற்ற வேண்டாம். கையில் இருக்கும் போனுக்கு எது பொருந்தும் என்று விளையாட்டுகளைத் தரம் பிரித்து வைப்போம்.

பெரிய கம்பனிகளே இதைச் செய்கின்றன. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பெப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அவர்களுடைய ஸ்டீம் கடையில் இருந்தவை பெரும்பாலும் கணினிக்குச் செய்த விளையாட்டுகள். எல்லாமே சிறிய கருவியில் ஓடாது. அதனால் அவற்றை நான்காகப் பிரித்தார்கள்: நன்றாக ஓடும், கொஞ்சம் சரிசெய்தால் ஓடும், ஓடாது, இன்னும் சோதிக்கவில்லை. வேகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்தச் சின்னத் திரையில் எழுத்து வாசிக்கத் தெரிகிறதா, அதன் பொத்தான்களாலேயே விளையாட முடிகிறதா என்றும் பார்த்தார்கள்.

நம் பிள்ளைகள் விளையாடுபவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு. 2017இல் வந்த ஃப்ரீ ஃபயர் குறைந்த வசதியுள்ள போனிலும் ஓடும்படி செய்யப்பட்டது. 2021இல் வந்த ஃப்ரீ ஃபயர் மெக்ஸ், படம் தெளிவாகத் தெரியும் கனமான பதிப்பு. இரண்டிலும் இருப்பவர்கள் ஒரே போட்டியில் சேர்ந்து விளையாடலாம். ஆகவே "கூட்டாளிட போன்ல மெக்ஸ் இருக்கு" என்பது புதுப் போனுக்குக் காரணமே இல்லை.

தரம் பிரிக்காவிட்டால் வருவது பணச் செலவு மட்டுமல்ல. பொருந்தாத விளையாட்டைப் பிளே ஸ்டோர் தராது. உடனே பிள்ளை வேறெங்காவது ஏபிகே கோப்பைத் தேடி எடுக்கிறது, அல்லது கூட்டாளியிடம் ஷெயார் வாங்குகிறது. அதில் என்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதே போனில்தான் உம்மாவின் வங்கிச் செயலி இருக்கிறது. மெமரி நிறைந்தால் முதலில் அழிக்கப்படுவது வகுப்புக் குரூப்பில் வந்த பாடக் குறிப்புகள்தான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. செட்டிங்ஸில் "போன் பற்றி" என்ற இடத்தில் ஆன்ட்ராய்ட் பதிப்பு, ரெம் இரண்டையும் பாருங்கள். மீதி மெமரி எவ்வளவு என்றும் பாருங்கள். பிறகு மூன்று பிரிவு:

1. பழைய போனிலும் ஓடும், டேட்டா தேவையில்லை. லிசெஸ் செயலியில் இணையம் இல்லாமலே போனோடு செஸ் ஆடலாம். இலவசம், விளம்பரமும் இல்லை. சிறுவர்களுக்கு ஜீகொம்ப்ரீ: எண், எழுத்து, புதிர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். 2 முதல் 10 வயது வரை உள்ளவர்களுக்காகச் செய்தது, இதுவும் இலவசம்.
2. ஓடும், ஆனால் படத்தின் தரத்தைக் குறைக்க வேண்டும், டேட்டாவும் செலவாகும்.
3. நம் போனுக்கு வேண்டாம்.

பக்கத்தில் வயதையும் எழுதுங்கள். போனுக்குப் பொருந்துவதெல்லாம் பிள்ளைக்குப் பொருந்தாது. சுடுகிற விளையாட்டு லேசாக ஓடினாலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்றாம் பிரிவுதான்.

"படிப்பிக்கிற ஆள் கேம் பற்றிப் பேசலாமா?" என்று சிலர் கேட்கலாம். பிள்ளையின் கையில் போன் ஏற்கனவே இருக்கிறது. நாம் பேசாவிட்டால் யூடியூப்காரர் பேசுவார், அவர் காட்டுவது புதுப் போனைத்தான். தன் போன் எதைத் தாங்கும் என்று தானே பார்த்துப் பட்டியல் போடும் பிள்ளை, அளவறிந்து தெரிவு செய்யப் பழகுகிறது. அதுவும் படிப்புத்தான்.

கொமென்டில் எழுதுங்கள்: போன் மொடல், ரெம், விளையாட்டின் பெயர், எப்படி ஓடுகிறது. நாலு பேர் எழுதினாலும் ஐந்தாவது வீட்டுக்கு உதவும். வருவதையெல்லாம் ஒரே பட்டியலாகச் சேர்த்து, இன்ஷா அல்லாஹ், பெற்றோர் வட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன்.