'ட்ரஸ்ட்' என்னும் சொல்லும் தமிழும்

"அம்மா, என்னை ட்ரஸ்ட் பண்ணுங்கள்." புனேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் அடிக்கடி வரும் தொடர் இது. பொருள் விளங்கிவிடுவதால் எவரும் இதைத் திருத்துவதில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லையே பற்றிக்கொள்ளும் பிள்ளை, தமிழில் அதற்கு ஈடாக உள்ள பல சொற்களை இழந்துவிடுகிறது.

மராத்தியில் இதனை 'விஸ்வாஸ்' என்பர். தமிழிலும் 'விசுவாசம்' உண்டே என்று எண்ணி ஒரு மாணவன் தன் பாட்டியிடம், "எனக்கு உங்கள்மேல் விசுவாசம் உண்டு" என்றால் அவர் திகைப்பார். தமிழில் அச்சொல் பெரும்பாலும் பணியாள் முதலாளியிடமும், நாய் தன்னை வளர்த்தவரிடமும் காட்டும் பற்றைக் குறிக்கும். (கிறித்தவர் அதனை இறைநம்பிக்கை என்னும் பொருளில் வழங்குவர், அது வேறு.) பாட்டியிடம் சொல்ல வேண்டியது, "உங்களை நம்புகிறேன்" என்பதே. 'அவரை நம்பினான்' என்பதும், 'அவர்மேல் நம்பிக்கை வைத்தான்' என்பதும் சரி. மராத்தித் தொடரைப் பின்பற்றி 'அவர்மேல் நம்பினான்' என எழுதுவது பிழை.

மழை பெய்யும் என்று எதிர்பார்ப்பதையும் தமிழ் 'நம்பிக்கை' என்றே சொல்லும். ஆங்கிலம் அதற்கு 'ஹோப்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. இவ்விடத்தில் ஆங்கிலமே நுட்பமானது.

ஆங்கிலச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பிறர் நலனுக்காக ஒருவர் பொருளைப் பொறுப்பேற்றுக் காக்கும் ஏற்பாடும் 'ட்ரஸ்ட்' எனப்படும். 1882ஆம் ஆண்டின் இந்திய ட்ரஸ்ட் சட்டம் அதனைப் பற்றியதே. புனேயின் ஆகா கான் மாளிகையில் காவலில் இருந்த கஸ்தூரிபா காந்தி, 1944 பிப்ரவரி 22 அன்று அங்கேயே காலமானார். அவர் நினைவாக மக்கள் அளித்த நிதியைக் கொண்டு, சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காக ஒரு ட்ரஸ்ட் அமைந்தது. பணம் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர், அதைச் செலவிடப்போகும் கைகளைக் கண்டவரல்லர், நம்பியே கொடுத்தனர்.

இத்தகைய அமைப்பை நடத்துபவரை மராத்தி 'விஸ்வஸ்த்' என்கிறது; அதாவது, நம்பப்பட்டவர். தமிழோ 'அறங்காவலர்' என்கிறது. அமைப்பிற்கு 'அறக்கட்டளை' என்று பெயர். கோயில்களில் முன்பு 'தர்மகர்த்தா' என்றனர். ஆங்கிலமும் மராத்தியும் கொடுத்தவரின் மனத்தை நினைக்கின்றன. தமிழ், பெற்றவரின் கடமையை நினைக்கிறது. மூன்றனுள் தமிழ்ச்சொல்லே மேலானது. நம்பப்படுதல் எவருக்கும் வாய்க்கும்; ஏமாற்றுபவனும் நம்பப்படுகிறவன்தானே! அறத்தைக் காக்கத் தவறியவனுக்கோ 'அறங்காவலர்' என்னும் பெயர் பொருந்தாமற்போகிறது.

ஒருவரை நம்புதலைப் பழந்தமிழர் 'தெளிதல்' என்றும் வழங்கினர். கலங்கிய நீர் தெளிவதற்கும் அதே சொல்தான். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்திற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று பெயர்: முதலில் ஆராய்ந்து அறிதல், பிறகு நம்புதல். "எங்கே போகிறாய்? யாருடன் போகிறாய்?" என்று அம்மா கேட்பது, அதன் முற்பாதியைச் சேர்ந்தது.