பள்ளி வளாகத்தில் மழைநீர் மேலாண்மை: மாணவர்களின் வரைபடம் எதுவரை உதவும்?

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி பெய்த பலத்த மழையில், சுமார் 1,400 பள்ளிகளுள் 150 பள்ளிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஐடா புயலின் எச்சம் ஒரே மணி நேரத்தில் 80 மி.மீ. மழையைக் கொட்டியபோது நகரில் 13 பேர் உயிரிழந்தனர். அங்குள்ள வடிகால்களோ மணிக்கு சுமார் 45 மி.மீ. மழையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை.

அந்நகரின் சுமார் 60 சதவீதப் பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. மிதமான மழைக்கே குழாய்கள் நிரம்பி, கழிவு கலந்த நீர் ஆற்றில் கலந்துவிடுகிறது. பூமிக்கடியில் உள்ள குழாய்களை முழுவதுமாக மாற்றுவது பெரும் செலவு பிடிக்கும், பல ஆண்டுகள் நீளும் பணி. எனவே, மழை விழும் இடத்திலேயே நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் 'பசுமை உள்கட்டமைப்பு' மீது கவனம் திரும்பியது. தார் பூசப்பட்ட பள்ளி மைதானங்கள் இதற்கு ஏற்ற இடங்களாகத் தெரிந்தன.

'டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்' என்ற தொண்டு நிறுவனம் 1996 முதல் மாநகர அமைப்புகளுடன் இணைந்து 200-க்கும் மேற்பட்ட விளையாட்டு மைதானங்களை அங்கு மாற்றியமைத்துள்ளது. மாணவர்கள் மைதானத்தை அளக்கின்றனர். சக மாணவர்களிடமும் அக்கம்பக்கத்தினரிடமும் தேவைகளைக் கேட்கின்றனர். ஒதுக்கப்பட்ட தொகைக்குள் ஓடுதளமா, மேடையா, நிழல் மரங்களா என்று விவாதித்து வரைபடம் தயாரிக்கின்றனர். நிலவடிவமைப்பு வல்லுநர்கள் அதனைக் கட்டுமானத் திட்டமாக்குகின்றனர். செயற்கைப் புல்லின் கீழே சரளைக்கல் படுகை, நீர் ஊடுருவும் தரைக்கற்கள், பள்ளமான மழைத் தோட்டம் ஆகியவை இவற்றின் முக்கிய உறுப்புகள்.

'மாணவர்கள் வடிவமைத்தது' என்ற சொல்லில் சற்று மிகை உண்டு. சரளைப் படுகையின் ஆழத்தைக் கணக்கிடுவது பொறியாளர்தான். ஆனால், எந்த வாசலில் குட்டை கட்டுகிறது, எந்த மூலையில் மழை நின்ற பிறகும் சேறு காயவில்லை என்பதை நாள்தோறும் அங்கு நடமாடுவோரே துல்லியமாக அறிவர். நில அளவை வரைபடத்தில் அது கிடைக்காது.

இந்த மைதானங்கள் பொதுவாக முதல் 25 மி.மீ. மழையை ஏற்கும் வகையில் திட்டமிடப்படுகின்றன. ஐடா போன்ற பெருமழையை இவை தடுத்துவிடாது. ஆற்றில் கழிவு கலக்கக் காரணமான அடிக்கடி பெய்யும் சிறுமழையே இவற்றின் இலக்கு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'வெள்ளத் தடுப்பு' என்று அறிவிப்பது, அடுத்த பெருமழையில் திட்டத்தின் மீதான நம்பிக்கையையே கெடுக்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் கல்லூரி மாணவர்களுக்காக 'கேம்பஸ் ரெயின்வொர்க்ஸ்' என்ற வடிவமைப்புப் போட்டியைத் தொடங்கியது. அதில் பரிசு வரைபடத்துக்குத்தான். அதனைக் கட்டி முடிப்பது அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் பொறுப்பு. நியூயார்க் பள்ளித் திட்டத்தின் வலு, வரைபடத்துக்குப் பின்னால் கட்டுமான நிதியும் காத்திருப்பதில் உள்ளது.

இந்தியாவில் 14 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகள் உள்ளன. 1,000 சதுர மீட்டர் பரப்பில் 50 மி.மீ. மழை பெய்தால் அங்கு விழும் நீர் 50,000 லிட்டர். சிமென்ட் தளத்தில் அதில் பெரும்பகுதி தெருவுக்கு ஓடிவிடும். பல ஆண்டுகள் மிதிபட்டு இறுகிய மண் மைதானமும் இதில் அதிகம் மாறுபடுவதில்லை. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் பசுமைப் பள்ளித் திட்டத்தில், தங்கள் பள்ளியின் நீர்ப் பயன்பாட்டை மாணவர்களே தணிக்கை செய்கின்றனர். அதாவது, அளக்கும் பழக்கம் இங்கு ஏற்கெனவே உண்டு. அளந்ததை வைத்து வளாகத்தை மாற்றியமைக்க நிதியும் அதிகாரமும் பள்ளிக்குக் கிடைப்பதுதான் அரிது.

அமெரிக்க மாதிரியை அப்படியே பெயர்த்து வைக்கவும் இயலாது. களிமண் நிலத்தில் நீர் மெதுவாகவே இறங்கும். தொடர் பருவமழையில் மழைத் தோட்டம் குட்டையாகிவிடும். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்கச் சுமார் ஒரு வாரம் ஆகும் என்பதால், இரண்டு நாட்களுக்குள் நீர் வடியும் வகையில் அமைப்பது கட்டாயம். டெங்கு அச்சமுள்ள நகரங்களில், இதற்கு விடை இல்லாத எந்த வரைபடத்தையும் பெற்றோர் ஏற்கமாட்டார்கள்.

பராமரிப்பு அதைவிடக் கடினமான கேள்வி. தமிழ்நாடு 2003-இல் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட அந்த நடவடிக்கைக்குப் பிறகும், பல கட்டடங்களில் குழிகள் மண் மூடித் தூர்ந்து கிடக்கின்றன. நாட்டின் பெரும்பகுதியில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே வண்டலை அகற்றியாக வேண்டும். அந்த மே மாதத்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. வரைபடம் வரைந்த மாணவர்களும் ஓரிரு ஆண்டுகளில் பள்ளியை விட்டுச் சென்றிருப்பார்கள். மண்வெட்டியுடன் வளாகத்துக்குள் வரவேண்டியவர் பள்ளி ஊழியரா, உள்ளாட்சிப் பணியாளரா, அவருக்கான கூலி எந்தக் கணக்கில் சேரும் என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதிவைக்க வேண்டியிருக்கும்.