விலை கூடிய வில்லும் வளரும் தோளும்

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிய பேச்சு உதைபந்தாட்டம், கிரிக்கெற், பூப்பந்தாட்டம் என்ற எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வில்வித்தை பயிலும் பிள்ளைகள் மிகச் சிலர். அச் சிலருள் ஒருத்தியைப் பற்றியும், அவளது தந்தை வாங்கிக் கொடுத்த வில்லைப் பற்றியும் எழுதவேண்டிய தேவை கடந்த குளிர்காலத்தில் எனக்கு ஏற்பட்டது. விடயம் ஒரு வில்லோடு முடிவதன்று. எமது பெற்றோர் தம் பிள்ளைகள்மீது வைத்திருக்கும் அன்பு எந்த வடிவில் வெளிப்படுகிறது என்பதையும் தொட்டு நிற்பது.

இலண்டனின் புறநகரொன்றில் பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் வில்வித்தைக் கழகத்துக்கு எனது மகனை வாரந்தோறும் அழைத்துச் செல்வேன். குளிர்காலத்தில் அங்கு எய்வது 'போர்ட்ஸ்மத்' எனப்படும் சுற்று. 20 யார் தூரம், 60 சென்ரிமீற்றர் அகலமான இலக்கு, 60 அம்புகள், ஆகக்கூடிய புள்ளி 600. பதின்மூன்று வயதுச் சிறுமியான இவள் கழகத்தின் பொது மரவில்லைக் கொண்டே நான்கு மாதத்தில் 431 புள்ளிகள் எடுத்திருந்தாள். எவரும் மெச்சத்தக்க தொடக்கம் அது.

தந்தை எரிபொருள் நிலையமொன்றில் இரவு வேலை செய்பவர். சீட்டுக் காசு கைக்கு வந்த வாரமே மகளைக் கடைக்கு அழைத்துச் சென்று, உலோக நடுப்பகுதியும் கார்பன் கரங்களும் நீண்ட சமநிலைத் தண்டும் பூட்டிய வில்லொன்றை வாங்கிவிட்டார். "அண்ணை, நாங்கள்தான் ஒன்றும் இல்லாமல் வளர்ந்தோம். பிள்ளையும் அப்படி நிற்கக்கூடாது" என்று என்னிடம் சொன்னார். இச்சொல்லுக்கு மறுமொழி கூற எம்மில் எவராலும் இயலாது. ஊரில் ஒரு பந்துக்காகப் பத்துப் பிள்ளைகள் காத்து நின்ற தலைமுறை எம்முடையது.

ஆனால் அடுத்த சுற்றில் சிறுமியின் புள்ளி 352. அதற்கடுத்த வாரமும் ஏறக்குறைய அதுவே. நல்ல வில் வந்த பின் புள்ளி ஏன் வீழ்ந்தது?

வில்லின் கரத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். நாணை 28 அங்குலம் வரை இழுக்கும்போது விரல்களில் விழும் சுமை எத்தனை இறாத்தல் என்பதை அது காட்டும். சிறுவர்களின் கை குறுகியதாகையால் அவர்கள் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. எனவே அவர்களுக்குச் சுமை சற்றுக் குறையும். கடைக்காரர் விற்ற கரங்களில் 34 என்று பொறிக்கப்பட்டிருந்தது. கழகத்துத் தராசில் மாட்டி அவளது இழுவை நீளத்துக்கு அளந்தபோது 28 இறாத்தல் காட்டிற்று. அவள் அதுவரை இழுத்து வந்த பொதுவில் 16 இறாத்தல் மட்டுமே. அறுபது அம்புகளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 960 இறாத்தல் சுமந்த தோள் ஒரே வாரத்தில் 1,680 இறாத்தல் சுமக்கவேண்டியதாயிற்று. அதன் மேல் உலோக நடுப்பகுதியின் நிறையும், நீண்ட தண்டின் நிறையும் இடது கையில்.

சுமை மிகுந்தால் முதலிற் கெடுவது உடலின் ஒழுங்கு. முதுகுத் தசையால் இழுக்கவேண்டியதைக் கையால் இழுப்பர். தோள் காதை நோக்கி எழும். நாடியின் கீழ் வந்து நிலைகொள்ளவேண்டிய கை நிலைகொள்ளுமுன் நாணை விட்டுவிடும். நான்கு மாதங்களாகப் பயிற்சியாளர் பொறுமையாக அமைத்துக் கொடுத்த அத்தனையும் மூன்று வாரத்தில் குலைந்தன. பின்னர் தெரியவந்தது இதனினும் வருத்தமானது. சிறுமிக்குத் தோளில் நோவு இருந்திருக்கிறது. ஆறு வாரமாக அதை அவள் வீட்டிற் சொல்லவில்லை. சீட்டுக் காசு என்பது அவளுக்குத் தெரியும்.

இப்படிச் சொல்வதால், கருவி முக்கியமன்று, திறமையே போதும் என்று நான் வாதிடுவதாக வாசகர்கள் கொள்ளலாகாது. அந்தப் பேச்சு, வசதியுள்ளவர்கள் வசதியற்றவர்களுக்குச் சொல்லும் ஆறுதல். வில்வித்தையில் அது உண்மையுமன்று.

இந்தியாவின் தீபிகா குமாரியை எடுத்துக்கொள்வோம். ராஞ்சிக்கு அருகே பிறந்தவர். தந்தை ஓட்டோ சாரதி. தொடக்கத்தில் அவர் கையிலிருந்தது மூங்கில் வில். இந்தியாவில் இன்றும் மூங்கில் வில்லுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு உண்டு. 30, 50 மீற்றர் தூரங்களில் எய்வார்கள். ஆனால் அவ்வில்லோடு ஒலிம்பிக் வரிசையில் நின்று 70 மீற்றரில் வெல்ல முடியாது. 2006இல் ஜம்செட்பூரிலுள்ள ராற்றா வில்வித்தைப் பயிற்சிக்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டபோதே முறையான கருவி அவருக்குக் கிடைத்தது. 2009இல், பதினைந்து வயதில், அமெரிக்காவின் ஒக்டன் நகரில் இளையோர் உலகப் பட்டத்தை வென்றார். மூங்கில் வில்லோடு விட்டிருந்தால் அவரது பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். அதே தீபிகா, உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவாறே 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கின் முதற் சுற்றிலேயே தோற்று வெளியேறினார் என்பதும் சேர்ந்தே நினைக்கத்தக்கது. அன்றும் அவர் கையில் இருந்தது உலகத் தரமான வில்தான்.

இவ்விடத்தில் ஏகலைவன் கதை நினைவுக்கு வராத தமிழர் இருக்கமுடியாது. ஒன்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன்: இன்றைய ஒலிம்பிக் முறையில் நாணை இழுப்பவை சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றே. பெருவிரலுக்கு அதில் வேலையில்லை.

அப்படியானால் எந்தக் கருவி, எந்த அளவில் உதவுகிறது? எனது அனுபவத்தில், பெற்றோர் கண்ணுக்கு முதலில் தெரிவது வில். கடைசியில் தெரிவது அம்பு. உண்மை இதற்கு நேர்மாறானது.

நாணை விரல்களிலிருந்து விடும்போது, அது நேராக முன்செல்வதில்லை. விரல்களைச் சுற்றிச் சற்றே விலகிச் செல்கிறது. அந்தத் தள்ளலில் அம்பு வளைகிறது. வளைந்து, மீண்டு, மறுபுறம் வளைந்து, மீன் நீந்துவதுபோல வில்லைக் கடந்து பறக்கிறது. ஓர் அம்பு எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும் என்பது வில்லின் சுமையையும் அம்பின் நீளத்தையும் முனையின் நிறையையும் பொறுத்தது. வலக்கையால் இழுப்பவருக்கு, அம்பு அளவுக்கு மேல் விறைப்பானால் இடப்புறம் விழும். அளவுக்கு மேல் நெகிழ்ந்தால் வலப்புறம் விழும். பிள்ளை தன்னிடமே பிழை தேடி, இல்லாத பிழையைத் திருத்தப் புறப்படும். கழகத்துப் பொது அம்புகளோ பல வருடங்களாகச் சேர்ந்தவை. நீளம் வேறு, நிறை வேறு, சிலவற்றின் இறகு கழன்றும் இருக்கும். ஒரு தூணிக்குள் ஒன்றுக்கொன்று அந்நியராய்க் கிடக்கும் ஆறு அம்புகளைக் கொண்டு எவரும் ஒரே இடத்தில் எய்ய முடியாது.

பயிற்சியாளர் செய்தது இதுதான். விலை கூடிய நடுப்பகுதியை அவர் ஒதுக்கவில்லை. அது நல்ல பொருள். பல வருடம் பயன்படும். 34 இறாத்தல் கரங்களைக் கழற்றிவிட்டு, கழகத்திலிருந்த பழைய கரங்களைப் பூட்டினார். அவளது இழுவையில் 18 இறாத்தல். நீண்ட தண்டை எடுத்துவிட்டுக் குறுகியதொன்றை வைத்தார். அவற்றுக்குப் பொருத்தமான மலிவான கார்பன் அம்புகள் எட்டு வாங்கச் சொன்னார். பிள்ளை வளர்வாள் என்பதால் நீளத்தைச் சற்றுக் கூடுதலாகவே விடச் செய்தார். இது பாதுகாப்புக்கும் அவசியம். கை நீள நீள, குறுகிய அம்பு தாங்கியைவிட்டுப் பின்னே நழுவி விழுந்தால், விடும்போது கையையே காயப்படுத்திவிடும்.

புது அம்புகள் வந்த அன்று மாலை அவர் ஒரு சோதனை செய்து காட்டினார். அதே பிள்ளை, அதே வில், அதே தூரம். முதலில் பொது அம்புகள் ஆறு. அவை சாப்பாட்டுக் கோப்பை அளவு இடத்தில் சிதறி நின்றன. பின்னர் அவளது அம்புகள் ஆறு. தேநீர்ப் பீங்கான் வைக்கும் சிறு தட்டினால் மூடிவிடலாம். இடையில் கழிந்தது ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குத் திறமை கூடிவிடாது. அவளிடம் ஏற்கனவே இருந்த திறமை அன்றுதான் வெளியே தெரிந்தது. தந்தை அந்த இலக்குப் பலகையின் முன் நெடுநேரம் நின்றார். அம்புகளின் விலை வில்லின் விலையில் பத்திலொரு பங்குகூட இல்லை.

மற்றப் பாகங்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. விலை கூடிய கரங்கள் அம்பைச் சற்று வேகமாக அனுப்பும். 60, 70 மீற்றரில் அதன் பயன் தெரியும், 20 யாரில் தெரியாது. சமநிலைத் தண்டு விடும் வேளையில் வில் திரும்பாமல் காக்கும், ஏந்தும் தோளுக்கு வலு இருந்தால். 'கிளிக்கர்' எனப்படும் சிறு தகடு, அம்பின் முனை அதைக் கடந்ததும் ஒலித்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இழுக்க வைக்கும். அருமையான சாதனம். ஆனால் இழுவை இன்னும் நிலைப்படாத பிள்ளைக்கு அதை மாட்டினால், ஒலிக்குக் காத்து நடுங்கக் கற்றுக்கொள்ளும்.

கருவி சமமாகிவிட்ட பின் எஞ்சுவது எது என்பதைப் பாரிஸ் வாழ் வாசகர்கள் தமது நகரிலேயே கண்டார்கள். 2024 ஓகஸ்ற் மாதம் இன்வலிட்ஸ் மைதானத்தில் ஆண்கள் இறுதிப் போட்டி. தென்கொரியாவின் கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிரடி எலிசன். இருவர் கையிலும் உலகில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கருவி. ஐந்து தொகுதிகள் முடிந்தும் சமநிலை. ஒற்றை அம்பு எய்தார்கள், இருவருக்கும் 10. மையத்திலிருந்து ஒருவரது அம்பு 55.8 மில்லிமீற்றர், மற்றவரது 60.7. அந்த 4.9 மில்லிமீற்றரில் தங்கம் கொரியாவுக்குப் போயிற்று. அந்த உயரத்தில் ஒரு தகட்டின் தடிப்பும் கணக்கில் வரும். அதே கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதுதான் நாம் செய்யும் தவறு.

இங்கு கடைகளின் பொறுப்பும் உண்டு. பிள்ளையின் இழுவையை அளக்காமல், பயிற்சியாளர் யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விற்ற கடை அது. மொழி சரளமாக வராத தந்தை, விலையைத் தரத்துக்கு அடையாளமாகக் கொண்டார். வேறு எதைக் கொண்டு அவர் தெரிந்துகொள்வது?

வழக்கு முடியாமல், வேலை செய்ய அனுமதியுமின்றிக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று கூறவேண்டும். வில்வித்தை பணக்காரர் விளையாட்டு என்று எண்ணித் திரும்பிப் போய்விடாதீர்கள். பெரும்பாலான கழகங்களில் தொடக்கநிலையாளருக்குப் பொதுவில் உண்டு. கேட்பதில் வெட்கமில்லை, அங்குள்ள வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அதைத்தான் பிடிக்கிறார்கள். முதலாம் வருடம் முழுவதும் அதுவே போதும். காசு சேர்ந்தால் முதலில் அம்பு.

எமது சங்கங்களுக்குச் சொல்ல ஒரு குறை உண்டு. பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள் எனக் கோடை தோறும் விளையாட்டுப் போட்டி நடத்தி, வெற்றிக் கிண்ணங்களுக்குப் பணத்தைக் கொட்டுகிறோம். அக்கிண்ணங்கள் வீட்டு அலுமாரிகளில் தூசு பிடிக்கின்றன. வளரும் பிள்ளைக்கு வில்லின் கரங்களை ஆறு மாதத்துக்கொருமுறை, இரண்டிரண்டு இறாத்தலாக, மாற்றவேண்டியிருக்கும். ஒரு பிள்ளை விட்ட கரங்கள் அடுத்த பிள்ளைக்கு அப்படியே பொருந்தும். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதுபோல, இவற்றை இரவல் கொடுக்கும் ஒரு பெட்டகத்தை ஒரு சங்கமாவது ஏன் வைத்திருக்கக்கூடாது? வில்லுக்கு மட்டுமன்று, பூப்பந்து மட்டைக்கும் உதைபந்துச் சப்பாத்துக்கும் இது பொருந்தும். ஒரு வருடக் கிண்ணச் செலவு இதற்குத் தாராளம். கிண்ணம் வழங்கும்போது படம் எடுக்கலாம், இரவற் பெட்டகத்துக்கு முன் நின்று எவரும் படம் எடுப்பதில்லை என்பதே இதற்குரிய தடையென்று நான் ஐயுறுகிறேன்.

சிறுமியின் தோள் நோவு ஒரு மாத ஓய்வில் நீங்கியது. பங்குனி மாதம் நடந்த கடைசி உள்ளரங்கச் சுற்றில் அவளது புள்ளி 487. இப்போது வெளியில் எய்யத் தொடங்கியிருக்கிறாள். 34 இறாத்தல் கரங்கள் தந்தையின் வீட்டுக் கார்க் கொட்டிலில், பழைய சேலைத் துண்டொன்றில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. விற்கவில்லை. எப்போது பூட்டலாம் என்று அவர் மாதமொருமுறை பயிற்சியாளரைக் கேட்கிறார். சென்ற வாரம் அளந்தபோது அவள் சிரமமின்றி இழுத்தது 20. இன்னும் இரண்டு வருடம் என்றார் பயிற்சியாளர். தந்தை தலையசைத்துவிட்டு, இரவு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.