இசைத்தட்டை உடைக்கும் முன்



அண்மைக் காலமாக நம் சமுதாயத்தில் ஒரு புதுவகை வீரம் தலையெடுத்திருக்கிறது. திருமண வீட்டில் நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்களின் பாடல் ஒலித்தால், இளைஞர் சிலர் எழுந்து சென்று மைக்செட்டை நிறுத்தச் சொல்கின்றனர். பெரியவர்கள் சங்கடத்துடன் தலைகுனிகின்றனர். அதே இளைஞர்களின் தம்பி தங்கையர் பந்தலின் மூலையில் அமர்ந்து, கைப்பேசியில் சினிமாப் பாட்டுக்குத் தலையசைத்துக் கொண்டிருக்கின்றனர். அவர்களைத் தடுக்க ஒருவரும் எழுவதில்லை. இந்த முரண்பாட்டைக் குறித்தே இங்கு வழக்காட வருகிறோம். குர்ஆனைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதால், இதைப் பேசும் கடமை நமக்கு உண்டு.

ஹனிபா அவர்கள் 1925 டிசம்பர் 25 அன்று பிறந்து, 2015 ஏப்ரல் 8 அன்று இவ்வுலகை விட்டுச் சென்றார். இசைமுரசு என்று தமிழகம் அவரை அழைத்தது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எண்பதுகளில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் அவரைச் சந்தித்தது பந்தலுக்கு வெளியே கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கியின் வழியாகத்தான். மைக்செட்காரர் பெரும்பாலும் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் முஸ்லிம் வீட்டு விசேஷம் என்றால் முதல் தட்டாக எதைப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாய்க்குப் பெயர்பெற்ற ஊரின் சிறுவர்கள், நடுவில் நாய்ப்படம் ஒட்டிய அந்தக் கறுப்பு வட்டு சுழல்வதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தனர். ஒரு பக்கத்திற்குச் சில நிமிடங்களே ஓடும் அந்த வட்டிலிருந்து பிலால் (ரலி) அவர்களின் பெயரும், பத்ருக் களத்தின் பெயரும், மதீனாவின் பெயரும் அவர்கள் செவியில் விழுந்தன. பிறகு ஒலிநாடா வந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியும் துணை நின்றது.

பஞ்சாலைகளின் சங்கொலிக்கு எழுந்து, மூன்று ஷிஃப்டாக உழைத்த ஊர் இராசபாளையம். இரவு வேலைக்குச் சென்ற அத்தாவுக்கும், வீட்டுப்பாட்டில் களைத்த அம்மாவுக்கும் நபிமார்களின் சரித்திரத்தை உட்கார்ந்து சொல்ல நேரம் வாய்க்கவில்லை. அந்த வேலையை ஒரு குரல் செய்தது. மக்தபுக்கு முதல்நாள் வந்து அமர்ந்த பிள்ளைக்கு, உஸ்தாத் வாயைத் திறக்கும் முன்பே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்நியராக இல்லை. இதைச் சிறிய உதவி என்று தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை.

இனி, எதிர்ப்போரின் வாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது, இசைக்கருவி ஹராம் என்பது. இசைக்கருவிகளைக் கண்டிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளது. நரம்புக் கருவிகளையும் ஊதுகருவிகளையும் மத்ஹபு அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்தே எழுதியுள்ளனர். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே புகாரியில், பெருநாள் அன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னதும் பதிவாகியுள்ளது. கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுக்கப்பட்டது. இமாம் இப்னு ஹஸ்ம் இசையை அனுமதித்தார். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இதற்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கி, எது எந்நிலையில் கூடும், எது கூடாது என்று பிரித்துப் பேசினார். ஆயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் நிதானமாக விவாதித்த ஒன்றை, அரை நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு வந்து திருமணப் பந்தலில் தீர்த்துவைக்க இயலாது. கருவி வேண்டாம் என்று பேணுதலாக விலகி நிற்பவரை மதிக்கிறோம். அவர் கருவியின்றிப் பாடக் கற்றுக் கொடுக்கட்டும். ரமளான் ஸஹரில் தப்ஸ் தட்டித் தெருத்தெருவாகப் பாடி எழுப்பிய பக்கீர்மார்களின் வழி நம்மிடம் இருக்கிறது. ஆனால் அவர் ஒன்றையும் கற்றுக் கொடுக்காமல் நிறுத்த மட்டுமே சொல்கிறார்.

இரண்டாவது, அப்பாடல்களில் ஷிர்க் இருக்கிறது என்பது. இறைநேசர்களிடம் நேரடியாக வேண்டுவதுபோல் அமைந்த பாடல்கள் உண்டு. அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க மாட்டோம்; காரணத்தையும் அவர்களுக்குச் சொல்வோம். ஆனால் அவருடைய பாடல்களிலேயே மிகப் புகழ்பெற்றது எது? ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்பது. அதன் கருத்து என்ன? கேட்பதை அல்லாஹ்விடம் கேள் என்பதுதானே! மேடைதோறும் நீங்கள் முழங்கும் தவ்ஹீதை, பிற சமயத்தவரும் விரும்பிக் கேட்கும்படி ஒரு மனிதர் பாடிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பாடலையும் சேர்த்தல்லவா நிறுத்தச் சொல்கிறீர்கள்? பதரைப் புடைத்து நீக்குவது அறிவு. முறத்தோடு நெல்லையும் குப்பையில் கொட்டுவதற்கு என்ன பெயர்?

மூன்றாவது, அவர் ஒரு கட்சிக்குப் பாடியவர் என்பது. ஆம், திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைகளில் அவர் ஒளிவுமறைவின்றிப் பாடினார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். நபிபுகழ் பாடிய பாடலை அதற்காகத் தள்ளுவது நியாயமாகாது.

தமிழ் முஸ்லிம்களுக்கு மார்க்கம் பாட்டோடுதான் வந்து சேர்ந்தது என்பதையும் இந்த இளைஞர்கள் அறிய வேண்டும். ‘ஆயிர மசலா’ மதுரையில் அரங்கேறிய ஆண்டு 1572. கோவில்பட்டிக்கு அப்பால் உள்ள எட்டயபுரத்தில் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் கிஸ்ஸாக்களையும் மாலைகளையும் முனாஜாத்துகளையும் மனப்பாடமாகப் பாடினார்கள். ஹனிபா அந்த நெடிய வரிசையில் வந்தவர். ஏட்டிலிருந்ததை அவர் இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தார்.

அண்டை வீட்டாரையும் சற்றுப் பாருங்கள். திருவில்லிபுத்தூரில் மார்கழி வைகறையில் திருப்பாவை ஒலிக்கிறது. அங்குள்ள ஐந்து வயதுக் குழந்தை தன் பெற்றோரின் நம்பிக்கையைப் பாட்டாகவே கற்றுக்கொள்கிறது. நம் குழந்தைக்கு நாம் சொல்லிக் கொடுப்பது என்ன? ‘பாடாதே, கேட்காதே.’ அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

காது வெறுமையாக இருப்பதில்லை. நாம் நிரப்பாவிட்டால் வேறொருவர் நிரப்புவார். மேற்குலகின் புகழ்பெற்ற பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் 1977-இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் ஆனார். கிடாரைக் கீழே வைத்துவிட்டுப் புகழையும் உதறினார். இலண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவரே பின்னாளில், 2000-இல், பிள்ளைகள் எழுத்துகளின் வழியே மார்க்கத்தை அறிவதற்காக ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். இசையுலகின் உச்சியைக் கண்டு திரும்பியவருக்கே குழந்தைகளுக்குப் பாட்டு வேண்டும் என்று தோன்றியது. நமக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை?

மறுபக்கத்தாருக்கும் ஒரு சொல். ரமளானில் ஹனிபாவின் பாடலைப் போட்டுவிட்டால் மார்க்கக் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோரை நாம் ஆதரிக்கவில்லை. தொழுகைக்குப் பாட்டு ஈடாகாது. நள்ளிரவில் குழாய் கட்டி அலறவிட்டு, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையையும் படுத்திருக்கும் நோயாளியையும் துன்புறுத்துவது பாவமே. குழந்தையின் செவிக்கு முதல் உரிமை குர்ஆனுக்கு. பாட்டு அதன் பின்னே, பணிவுடன் வர வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஃபஜ்ருக்குப் பின் பிள்ளையோடு அமர்ந்து ஒரு பக்கம் குர்ஆன் ஓதுங்கள். மாலையில் ஒரு பாடலைக் கேட்கச் செய்யுங்கள். அதில் வரும் ஸஹாபி யார், அந்தப் போர் எங்கு நடந்தது என்று கேளுங்கள். தவறான கருத்து வந்தால், அதைச் சொல்லித் திருத்த அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நல்லதையும் தீயதையும் பிரித்தறியப் பழகிய காதுதான், நீங்கள் அருகில் இல்லாத நேரத்தில் அவனைக் காப்பாற்றும்.

தடுக்க எழும் இளைஞர்களே, உங்கள் நோக்கம் தூயது என்றே நம்புகிறோம். ஆனால் அடுத்தமுறை மைக்செட்டை நோக்கி நடக்கும் முன், அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு நடங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததியின் செவிகளையும் உள்ளங்களையும் நல்வழியில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.